பதில் வரும்வரை நின்ற கார்கள்: சான் பிரான்சிஸ்கோ குரூஸ் நிகழ்வு ஆய்வு

இரண்டு இரவுகள்

2023 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் ஒரு முடிவெடுத்தது. வேமோ, குரூஸ் என்ற இரண்டு தானியங்கி கார் நிறுவனங்களும் சான் பிரான்சிஸ்கோ முழுக்க, 24 மணி நேரமும், கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இல்லாத டாக்சி ஓட்டலாம். மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று இரவே நார்த் பீச் பகுதியில் வலேஹோ தெருவும் கிராண்ட் அவென்யூவும் சந்திக்கும் இடத்தை ஒட்டி, பத்து குரூஸ் கார்கள் வரை நடுத்தெருவில் நின்றுபோயின. பின்னால் வந்த வண்டிகள் நகர வழியில்லை. ஓரங்கட்டச் சொல்லலாம் என்றால் உள்ளே டிரைவரும் இல்லை. கால் மணி நேரம் போல அந்த மூலை அடைபட்டுக் கிடந்தது.

குரூஸ் சொன்ன காரணம் பலரைப் புருவம் உயர்த்த வைத்தது. அன்றுதான் கோல்டன் கேட் பார்க்கில் அவுட்சைட் லேண்ட்ஸ் இசை விழா தொடங்கியிருந்தது. அந்தக் கூட்டத்தால் வயர்லெஸ் நெரிசல் ஏற்பட்டு, கார்களுக்குத் தொடர்பு கிடைப்பது தாமதமானது என்றது நிறுவனம். பார்க் நகரத்தின் மேற்குக் கோடியில், நார்த் பீச் வடகிழக்குக் கோடியில். நடுவே பல கிலோமீட்டர்.

இரண்டாவது இரவு அதே ஆண்டு அக்டோபர் 2. மார்க்கெட் தெருவும் ஐந்தாம் தெருவும் சந்திக்கும் இடத்தில், மனிதர் ஓட்டிவந்த ஒரு நிஸான் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிவிட்டு நிற்காமல் போனது. அந்த மோதலில் அவர் பக்கத்துத் தடத்தில் வந்த குரூஸ் காரின் முன்னால் தூக்கி வீசப்பட்டார். குரூஸ் கார் பிரேக் போட்டது, ஆனாலும் மோதியது, நின்றது. இதுவரை நடந்ததில் மனித ஓட்டுநராக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. அடுத்து நடந்ததுதான் விவகாரம். காரின் மென்பொருள் இதைப் பக்கவாட்டு மோதல் என்று தவறாக வகைப்படுத்தியது. பக்கவாட்டு மோதல் என்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சலில்லாமல் ஓரத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்பது அதற்கு எழுதப்பட்ட விதி. விதிப்படி நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்த அந்தப் பெண்ணோடு சுமார் 20 அடி, அதாவது 6 மீட்டர். உச்ச வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் அளவு. அவர் உயிர் பிழைத்தார், பலத்த காயங்களோடு.

முதல் இரவில் கார்கள் காத்திருக்கக் கூடாத இடத்தில் காத்திருந்தன. இரண்டாவது இரவில் கார் காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்கவில்லை. இரண்டு மாத இடைவெளியில், ஒரே நிறுவனம், ஒரே நகரம்.

பிளாக்செயின் (பலர் சேர்ந்து எழுதும், பிறகு மாற்ற முடியாத பதிவேடு) பாதுகாப்போடு எட்ஜ் சர்வருக்கு (காருக்கு அருகிலேயே இருக்கும் கணினிக்கு) வேலையை அனுப்பும் தானியங்கி கார்கள் பற்றி நூற்றுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. பெரும்பாலானவை கணினிக்குள் ஓடும் கற்பனை நகரங்களில் சோதிக்கப்பட்டவை. குரூஸிடம் எட்ஜ் சர்வரோ பிளாக்செயினோ மையமாக இருந்ததில்லை. இருந்தாலும் அந்தக் கட்டுரைகள் முன்வைக்கும் யோசனையை உரசிப் பார்க்க இந்த இரண்டு இரவுகளை விட நல்ல கல் எனக்குத் தெரியவில்லை.

வெளியே போகும் வேலை

ஆஃப்லோடிங் என்றால், கார் தானே செய்ய வேண்டிய கணக்கில் ஒரு பங்கை வெளியே இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்து விடை வாங்குவது. அந்த இன்னொருவர் தொலைவில் இருக்கும் கிளவுட் டேட்டா சென்டராக இருக்கலாம். செல்போன் கோபுரத்தடியில் இருக்கும் சர்வராக இருக்கலாம். சந்திப்பில் சிக்னல் கம்பத்தில் மாட்டிய சாலையோர யூனிட்டாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை இனி கம்பம் என்றே சொல்லிப் போகிறேன். குரூஸ் விஷயத்தில் அந்த இன்னொருவர் ஒரு மனிதர். ரிமோட் அசிஸ்டன்ஸ் மையத்தில் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் உதவியாளர். அவர் ஸ்டீயரிங் பிடிப்பதில்லை. கார் குழம்பும்போது, இந்தக் கூம்புகளைச் சுற்றிப் போகலாம், அந்தத் தடத்தில் நுழையலாம் என்று வழி சொல்வார்.

குரூஸ் பின்னர் தானே வெளியிட்ட கணக்கின்படி, நெரிசலான நகரச் சாலைகளில் கார்கள் ஓடும் நேரத்தில் சராசரியாக 2 முதல் 4 சதவீதம் இந்த உதவியில் கழிந்தது. 15 முதல் 20 கார்களுக்கு ஒரு உதவியாளர். 98 சதவீத அழைப்புகளுக்கு 3 நொடிக்குள் பதில்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 98 என்பது சாதாரண நாளின் கணக்கு. ஒரே மூலையில் பத்து கார்கள் ஒரே நேரத்தில் உதவி கேட்டு, அந்தக் கேள்விகளே செல்போன் நெட்வொர்க்கின் வரிசையில் மாட்டிக்கொண்டால் மீதி 2 சதவீதம்தான் அன்றைக்கு முழு நிலவரம். ஆய்வுக் கட்டுரைகளில் எனக்கு இருக்கும் பெரிய குறையும் இதுதான். சூமோ போன்ற போக்குவரத்து சிமுலேட்டரில் கார்களை ஓடவிட்டு, எங்கள் முறை சராசரித் தாமதத்தை இத்தனை சதவீதம் குறைக்கிறது என்று வரைபடம் போடுவார்கள். சராசரி நாளில் எந்தக் காரும் தெருவை அடைப்பதில்லை. விழா நடக்கும் நாளின் வால் பகுதியை, அதாவது அரிதாக வரும் மிக மோசமான தாமதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் எல்லாவற்றையும் காருக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடாது? பெருமளவு அப்படித்தான் வைக்கிறார்கள். என்விடியாவின் ஓரின் சிப் நொடிக்கு 254 லட்சம் கோடி கணக்குகள் போடக்கூடியது, காருக்குள்ளேயே உட்காரக்கூடியது. உள்ளே வைப்பதற்கு இன்னொரு காரணம் டேட்டாவின் கனம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு கேமரா, நொடிக்கு 30 படங்கள், சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு சுமார் 187 மெகாபைட், அதாவது ஏறத்தாழ 1.5 ஜிகாபிட். இப்படிப் பல கேமராக்கள், மேலே லேசரால் தூரம் அளக்கும் லைடார், ரேடார். இதை மேலேற்ற நாம் தெருவில் காணும் 4ஜி, 5ஜி அப்லோடு வேகம் பக்கத்தில்கூட வராது. ஆக, கேமரா படத்தை வெளியே அனுப்பி, இது மனிதனா மரமா என்று கேட்டு வாங்கும் வேலைக்கு இடமில்லை.

கம்பத்திடம் கேட்க வேண்டியது வேறு. காருக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்று. நிறுத்தத்தில் ஒரு பஸ் நிற்கிறது. அதன் மறுபக்கம் யாராவது நடைபாதையிலிருந்து இறங்குகிறார்களா? கார் எவ்வளவு பெரிய சிப் வைத்திருந்தாலும் பஸ்ஸுக்குள் ஊடுருவிப் பார்க்க முடியாது. எதிர்மூலைக் கம்பத்தின் கேமராவுக்கு அது சும்மா தெரியும். எட்ஜ் கம்ப்யூட்டிங்கின் உண்மையான பயன் கணக்குப் போடும் பலத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கம்பம் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

காத்திருந்தால் எத்தனை மீட்டர்

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. கம்பம் 100 மில்லிநொடியில் பதில் சொன்னால் அதற்குள் கார் ஒரு மீட்டர் சொச்சம் நகர்ந்திருக்கும். தாங்கலாம். ரிமோட் உதவியாளரின் 3 நொடி என்றால் 33 மீட்டர். ஓடும் காருக்கு இது ஆகாது. நின்ற காருக்கு மட்டும்தான் ஆகும். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் அடுத்த பிளாக் (பதிவுகளின் அடுத்த தொகுப்பு) வர 12 நொடி, அதாவது 133 மீட்டர். பிட்காயினின் பிளாக்குக்குச் சராசரி 10 நிமிடம். அதற்குள் கார் 6.7 கிலோமீட்டர் போயிருக்கும்; சான் பிரான்சிஸ்கோவில் அது பாதி நகரத்துக்கு மேல்.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்கத் தரத்தில் இணைப்புக் கார் (மற்ற கார்களோடும் கம்பங்களோடும் வயர்லெஸ்ஸில் பேசும் கார்) ஒவ்வொன்றும் தன் இடம், வேகம், திசையை நொடிக்கு 10 முறை சுற்றிலும் ஒலிபரப்பும். நெரிசலான சந்திப்பில் 100 கார் என்றால் நொடிக்கு 1,000 செய்தி. பிட்காயின் நொடிக்கு ஏழு பரிவர்த்தனையைத் தாண்டத் திணறும். ஒவ்வொரு செய்தியையும் பிளாக்செயினில் ஏற்றிச் சரிபார்ப்போம் என்று எழுதுகிறவர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

கம்பத்தோடு பேசும் நேரமும் அளவானது. வீச்சு 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேற 600 மீட்டர், 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 54 நொடி. கொடுத்த வேலை அதற்குள் திரும்ப வேண்டும், அல்லது விடை அடுத்த கம்பத்துக்கு ஓடிப்போய்க் காத்திருக்க வேண்டும். சிக்னலில் நிற்காமல் போகும் நாளில் பின்னது எளிதில்லை.

இதிலிருந்து வரும் முதல் விதி: ஓடும் காருக்குக் கம்பத்தின் பதில் ஒரு போனஸ். வந்தால் நல்லது. வராவிட்டால், பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு கார் வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும். பதிலை எதிர்பார்த்து நடுச் சந்திப்பில் நிற்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. ஓட்டுநர் இல்லாமல் சோதனை ஓட்டம் நடத்த, ரிமோட் ஆபரேட்டரோடு தொடர்பு இணைப்பு இருந்தாக வேண்டும் என்று கலிஃபோர்னியா விதி சொல்கிறது. இணைப்பு இருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். அது அறுந்து கிடக்கும் ஐந்து நிமிடம் கார் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் ஆகஸ்ட் 11 சிக்கியது.

இரண்டாவது விதி இதற்கு நேர்மாறு. மோதல் நடந்து கார் ஏற்கெனவே நின்றுவிட்டால், மறுபடி நகர்வதற்கு முன் வெளியிலிருந்து ஒரு கண் பார்த்தாக வேண்டும். அப்போது காத்திருப்பதால் போவது போக்குவரத்து நேரம் மட்டும். காத்திருக்காமல் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அக்டோபர் 2 இருக்கிறது. குரூஸின் மென்பொருளில் இந்த இரண்டு நிலைமைக்கும் எதிரெதிர் முன்னுரிமை அமைந்துவிட்டது. குழம்பினால் நில், மோதினால் ஓரம் போ. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமாகத் தெரியும் விதிகள்.

கம்பம் பொய் சொன்னால்

இப்போது பாதுகாப்புக்கு வருவோம். வெளியாளிடம் வேலை கொடுத்த நொடியே அவரை நம்பலாமா என்ற கேள்வி வந்துவிடும். கம்பத்தை யாரோ உடைத்து உள்ளே புகுந்திருக்கலாம். கம்பமே இல்லாமல் ஒரு லேப்டாப் தன்னைக் கம்பம் என்று சொல்லிக்கொள்ளலாம். கம்பத்தின் உரிமையாளர் மின்சாரம் மிச்சம் பிடிக்க, கணக்கே போடாமல் பழைய விடையைத் திருப்பி அனுப்பலாம். கடைசியாகச் சொன்னதைக் கட்டுரைகள் அதிகம் கண்டுகொள்வதில்லை. காசு கொடுத்து வேலை வாங்கும் எந்தத் தொழிலிலும் முதலில் வரும் திருட்டு அதுதான்.

போலிக் கம்பத்தைத் தடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஐஇஇஇ 1609.2 தரப்படி ஒவ்வொரு செய்தியும் டிஜிட்டல் கையெழுத்தோடு வரும், கையெழுத்துக்குச் சான்றிதழ் இருக்கும். பிளாக்செயின் இங்கே தேவையே இல்லை. சான்றிதழ் வைத்திருக்கும் கம்பம் பொய் சொல்வதுதான் சிக்கல். வழக்கமாகச் சொல்லும் தீர்வுகள் மூன்று. ஒரே வேலையை மூன்று சர்வர்களிடம் கொடுத்துப் பெரும்பான்மை பார்ப்பது. செலவு மூன்று மடங்கு, அதோடு ஒரு மூலையில் மூன்று கம்பம் எங்கே இருக்கிறது? இன்டெல் எஸ்ஜிஎக்ஸ் போன்ற, சிப்புக்குள்ளேயே பூட்டிய அறைக்குள் கணக்கை ஓட்டுவது; 2018-இல் ஃபோர்ஷேடோ தாக்குதல் அந்தப் பூட்டையும் திறந்து காட்டியது. கணக்கைச் சரியாகத்தான் போட்டேன் என்ற கிரிப்டோகிராஃபிக் நிரூபணத்தோடு விடை தருவது. கேமரா படத்தில் ஆளைத் தேடும் பெரிய மாடலுக்கு 100 மில்லிநொடிக்குள் நிரூபணம் போட்டுத் தருவது இன்னும் கைக்கு எட்டவில்லை.

நான் விரும்பும் வழி வேறு. கம்பத்தின் சொல்லை ஒரு பக்கமாக மட்டும் நம்புவது. 'ஆள் இருக்கிறார், ஜாக்கிரதை' என்றால் கார் உடனே நம்பி மெதுவாகட்டும். 'யாருமில்லை, போ' என்றால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்; தன் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே ஓடட்டும். இப்படி வைத்தால் பொய் சொல்லும் கம்பத்தால் யாரையும் கொல்ல முடியாது. தெருவை மெதுவாக்கத்தான் முடியும். இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி ஒரு மூலையையே முடக்கலாம், அது ஆகஸ்ட் 11-இன் இன்னொரு வடிவம். ஆனால் இது பிடிபடும் பொய். ஏனென்றால் பஸ்ஸைக் கடந்த மறுநொடியே காருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. கம்பம் சொன்னது ஒன்று, கண்ணால் கண்டது ஒன்று. அந்த ஒப்பீட்டைக் கார் ஒரு ரசீதாக எழுதிக் கையெழுத்துப் போடலாம்: வேலை எண், கம்பத்தின் பதிலுடைய ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் சிறு கைரேகை எண்), பதில் வந்த நேரம், கடந்தபோது கண்டது.

லெட்ஜருக்கு, அதாவது அந்தப் பிளாக்செயின் ஏட்டுக்கு, வேலை இங்கேதான் தொடங்குகிறது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

லெட்ஜரில் என்ன ஏறும், யார் எழுதுவார்கள்

ரசீதுகளை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மூட்டையாகக் கட்டி, மூட்டையின் மெர்க்கல் வேரை (எல்லா ரசீதுகளின் ஹேஷ்களையும் சேர்த்துச் சுருக்கிய ஒரே ஹேஷை) மட்டும் பதிந்தால் போதும். படம், வீடியோ, பயணி ஏறிய இடம் எதுவும் செயினில் ஏறக் கூடாது. அழிக்க முடியாத ஏட்டில் ஒருவருடைய இருப்பிட வரலாற்றை எழுதுவது, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அழிக்கக் கேட்கும் உரிமையோடு நேருக்கு நேர் மோதும். சட்டம் இல்லாத ஊரிலும் அது செய்யத்தக்க காரியமாக எனக்குப் படவில்லை.

ஏட்டை எழுதுகிறவர்கள் பிட்காயினில் போலப் பெயர் தெரியாத சுரங்கக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. டாக்சி ஓட்டும் இரண்டு நிறுவனங்கள், மாநில மோட்டார் வாகனத் துறை, நகரப் போக்குவரத்து முகமை, ஒரு டெலிகாம், ஒரு காப்பீட்டு நிறுவனம், ஒரு பல்கலைக்கழகம் என்று ஏழு நோடுகள் (ஏட்டின் பிரதியை வைத்து எழுதும் கணினிகள்) வைத்துக்கொள்வோம். 1999-இல் கணினி அறிஞர்கள் காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் கொடுத்த பிபிஎஃப்டி என்ற கருத்தொற்றுமை முறையில் (சிலர் பொய் சொன்னாலும் மற்றவர்கள் ஒரே முடிவுக்கு வரும் வழி) ஏழு பேரில் இருவர் கூசாமல் பொய் சொன்னாலும் ஏடு கெடாது. நான்கு பேர் என்றால் ஒருவரைத் தாங்கும். நோடுகளைப் பத்து மடங்காக்கினால் இடையே பறக்கும் செய்திகள் நூறு மடங்காகும். அதனால் ஒவ்வொரு காரையும் நோடாக்குவோம் என்ற ஆசை வேண்டாம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கார்களைப் பின்தொடர முடியாதபடி செய்ய, அமெரிக்கச் சான்றிதழ் ஏற்பாட்டில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள் கொடுப்பதாக வடிவமைத்தார்கள். தனியுரிமைக்கு நல்லது. ஆனால் ரசீதுகளை வைத்துக் கம்பத்தை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பெண் போடும் ஏட்டில், அதே கார் இருபது பேர் போல வந்து இருபது ஓட்டுப் போடலாம். மதிப்பெண் முறை வேண்டும், புனைபெயரும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்த்துவிட்டு இந்த மோதலைத் தொடாமலே போகிறார்கள். ரோபோடாக்சி விஷயத்தில் வழி எளிது. காரின் அடையாளத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை; அது நிறுவனத்தின் கார், பக்கவாட்டில் பெயர் எழுதியே ஓடுகிறது. மறைக்க வேண்டியது பயணியை. ஆகவே ரசீதில் நிறுவனம் தன் பெயரிலேயே கையெழுத்துப் போடட்டும். சொந்தக் கார்கள் இந்த வலையில் சேரும் நாளில் இந்த முடிச்சு மறுபடி இறுகும்.

கம்பத்துக்கான கூலியை இதே ரசீதை வைத்தே கணக்குத் தீர்க்கலாம், மாதக் கடைசியில். அதற்குத் தனி டோக்கன், நாணயம் எல்லாம் வேண்டியதில்லை.

45 நொடி வீடியோ

பிளாக்செயின் பற்றி எனக்கு இருந்த பொதுவான அலுப்பைக் கொஞ்சம் குறைத்தது அக்டோபர் 2-க்குப் பிந்தைய நாட்கள்தான்.

மோதல் நடந்ததும் கார் ரிமோட் மையத்துக்கு முதலில் அனுப்பியது 3 நொடி வீடியோ. பிறகு 14 நொடி வீடியோ. அந்தப் பெண் இழுபட்டது இவற்றில் இல்லை. இழுபட்டதைக் காட்டும் 45 நொடி முழு வீடியோ பிறகுதான் நிறுவனத்துக்குள் சுற்றுக்கு வந்தது. பின்னர் குரூஸே அமர்த்திய குவின் இமானுவல் சட்ட நிறுவனம் 2024 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, அக்டோபர் 3 அன்று அதிகாரிகளைச் சந்திப்பதற்கு முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட குரூஸ் ஊழியர்களுக்கு இழுபட்ட விவரம் தெரிந்திருந்தது என்கிறது. சந்திப்புகளில் முழு வீடியோவைப் போட்டுக் காட்ட முயன்றார்கள். சிலவற்றில் இணைய இணைப்பு தடங்கியதால் அது சரியாக ஓடவில்லை. அதிகாரிகளே பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டார்கள். வாய் திறந்து, கார் மறுபடி நகர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆகஸ்டில் தெருவை அடைத்த அதே இணைப்புத் தடங்கல், அக்டோபரில் கூட்ட அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

மோட்டார் வாகனத் துறையின் தரப்பு வேறு. நகர்ந்த பகுதி தங்களுக்குக் காட்டப்படவில்லை, இன்னொரு அரசு அமைப்போடு பேசும்போதுதான் தெரியவந்தது, கேட்டு வாங்கிய முழு வீடியோ அக்டோபர் 13-இல் கைக்கு வந்தது என்றது. அக்டோபர் 24-இல் உரிமம் நிறுத்தப்பட்டது. நவம்பரில் 950 கார்களின் மோதல் கண்டறியும் மென்பொருள் திரும்பப் பெறப்பட்டது. தலைமைச் செயல் அதிகாரி கைல் வோக்ட் விலகினார். தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்த அறிக்கையில் இழுபட்டது விடுபட்டதற்காக 2024 செப்டம்பரில் 15 லட்சம் டாலர் அபராதம். பொய்யான அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு நவம்பரில் நீதித் துறையிடம் 5 லட்சம் டாலர். மோதலை விட, மோதலின் பதிவு யாரிடம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதே நிறுவனத்தைச் சாய்த்தது.

ஏழு நோடு ஏடு அன்றைக்கு இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? மோதல் உணரியில் அதிர்ச்சி பதிவான நொடியிலிருந்து கார் தன் பதிவுத் துண்டுகளுக்கு வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றின் ஹேஷையும் கம்பத்துக்கு அனுப்பியிருக்கும். ஒரு ஹேஷ் 32 பைட். வீடியோ மேலேற வழியில்லாத நெரிசலிலும் 32 பைட் நுழைந்துவிடும். மறுநாள் காலை அதிகாரியின் கையில் வீடியோ இருக்காது. ஆனால் மோதலுக்குப் பின் இத்தனை நொடிக்கான துண்டுகள் இருக்கின்றன, எங்களுக்குக் காட்டியது முதல் சில மட்டும் என்று எண்ணிச் சொல்ல முடிந்திருக்கும். பத்து நாள் தாமதத்துக்கு இடமிருந்திருக்காது.

இதற்கு பிளாக்செயின்தான் வேண்டுமா? கறாராகச் சொன்னால் வேண்டாம். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் சான்றிதழ் நிறுவனம் உடைக்கப்பட்டுப் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்த பிறகு, இணையம் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்ஸி என்ற ஏற்பாட்டுக்குப் போனது. 2013-இல் வரையறை வந்தது, 2018-இல் குரோம் கட்டாயமாக்கியது. சேர்க்க மட்டுமே முடிந்த, அழிக்க முடியாத மெர்க்கல் ஏடு, வெளியாட்கள் கண்காணிப்பார்கள். கருத்தொற்றுமைச் சடங்கு எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் விபத்துப் பதிவுக்கு இதுவே போதும். கம்பங்களின் மதிப்பெண்ணை ஒருவரை ஒருவர் நம்பாத வேமோவும் குரூஸும் டெலிகாமும் சேர்ந்து எழுத வேண்டும் என்று வரும்போதுதான் பல நோடு ஏட்டுக்கு நியாயம் கிடைக்கிறது.

எந்த ஏடும் தொட முடியாத ஒன்றும் உண்டு. பக்கவாட்டு மோதல் என்று கார் தவறாக முடிவெடுத்தது காருக்குள். ஏடு இருந்திருந்தால் 'பக்கவாட்டு மோதல்' என்ற அந்தத் தவறு அழியாத எழுத்தில், ஏழு பேர் சாட்சியோடு பதிவாகியிருக்கும். அவ்வளவுதான்.

அந்த இரவுகளை மறுபடி ஓட்டினால்

ஆகஸ்ட் 11-ஐ இந்த வடிவமைப்போடு ஓட்டிப் பார்ப்போம். விழா நெரிசல் செல்போன் நிறுவனத்தின் வழியில். கார் கம்பத்தோடு பேசுவது 5.9 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேரடியாக. இடையில் கோபுரம் இல்லை. கம்பத்துக்குப் பின்னால் ஃபைபர். எனவே உதவி கேட்கும் செய்தி வெளியேற இரண்டாவது வழி இருந்திருக்கும். நெரிசல் அங்கேயும் வரலாம், ஆனால் பார்க்கில் பாட்டுக் கேட்கிறவர்களால் வராது. இருபது காருக்கு ஒரு உதவியாளர் என்ற கணக்கு மாறாது. கேள்வி போய்ச் சேர்ந்தாலும் பதில் சொல்ல ஆள் வேண்டும். ஆகவே வித்தியாசத்தின் பெரும்பங்கு முதல் விதியால்தான் வந்திருக்கும்: இணைப்பு தளர ஆரம்பித்ததுமே, கேள்வி எழும் முன்பே, காலியான ஓரம் பார்த்து ஒதுங்குவது. நார்த் பீச்சில் வெள்ளிக்கிழமை இரவு காலி ஓரம் கிடைக்குமா என்று அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அப்படியானால் இணைப்பு அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனதும் அந்தப் பகுதிக்குப் புதிய சவாரி எடுக்காமல் இருப்பது.

அக்டோபர் 2-இல் மார்க்கெட் தெருக் கம்பத்தின் கேமரா, காரின் எந்தக் கேமராவுக்கும் முழுதாகத் தெரியாத அடிப்பகுதியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்திருக்கும். கார் நகர அனுமதி கேட்கும். கம்பம் 'ஆள் இருக்கிறார்' என்று சொல்லும். ஒரு பக்கமாக மட்டும் நம்பும் விதிப்படி, அந்த ஒரு சொல்லே காரை நிறுத்திவைக்கப் போதும். கம்பம் பழுதாகி எதுவும் சொல்லாவிட்டாலும் நிற்கும்.

பிறகு

குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் 2024 டிசம்பர் 10 அன்று குரூஸ் ரோபோடாக்சிக்கு இனிப் பணம் போடுவதில்லை என்று அறிவித்தது. நிறுவனத்தின் கைவசம் மட்டும் இருக்கும் பதிவுகளின் ஆயுள் நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் போக்குவரத்து முகமைகள் அனுமதி கொடுக்கப்படும் முன்பே, கூடுதல் தரவு வேண்டும் என்று ஆணையத்திடம் எழுதிக் கேட்டிருந்தன.

2025 டிசம்பர் 20, சனிக்கிழமை. துணை மின் நிலையம் ஒன்றில் தீ. நகரத்தில் சுமார் 1,30,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சிக்னல்கள் அணைந்தன. இந்த முறை சந்திப்புகளில் நின்றவை வேமோ கார்கள். அணைந்த சிக்னலை நான்கு பக்கமும் நின்று போகும் சந்திப்பாக எடுத்துக்கொள்ள அவற்றுக்குத் தெரியும். அன்று 7,000-க்கு மேற்பட்ட அணைந்த சிக்னல்களைக் கடந்ததாக நிறுவனம் சொன்னது. ஆனால் சில இடங்களில் கார்கள் உறுதிப்படுத்திக்கொள்ள மையத்தைக் கேட்கும். எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் கேட்டன. வரிசை நீண்டது. பதில் வரும்வரை நின்றன.

நான் மேலே சொன்ன வடிவமைப்பு அன்றைக்குப் பாதி செத்திருக்கும். சிக்னலுக்கு மின்சாரம் இல்லை என்றால் அதே கம்பத்தில் மாட்டிய சர்வருக்கும் இல்லை. ஏழு நோடுகளில் நகரத்துக்குள் இருப்பவை எத்தனை, வெளியே இருப்பவை எத்தனை என்று பார்த்து அமைத்தால் ஏடு பிழைக்கும். கம்பத்துக்கு பேட்டரி வேண்டும், குறைந்தது சில மணி நேரத்துக்கு. அந்தச் செலவு நகரத்தினுடையதா, டாக்சி நிறுவனத்தினுடையதா, டெலிகாமினுடையதா என்பதை எந்தக் கருத்தொற்றுமை அல்காரிதமும் முடிவு செய்யாது. அடுத்த உரிமம் கொடுக்கும்போது ஆணையம் நிபந்தனையாக எழுதினால்தான் உண்டு.